சார்ஜிங் கப்ளர் கருகினால்: பேட்டரியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

செல்ஃப் இழுக்கவில்லை, ஹாரன் கம்முகிறது, பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்று பைக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பேட்டரி போச்சு சார்". என் வண்டிக்கும் அதைத்தான் சொன்னார்கள். புது பேட்டரி போட்டும் சில வாரங்களில் அதே கதை. அடுத்து ரெகுலேட்டர் மாறியது. அதற்கடுத்து மேக்னெட் காயிலையும் மாற்ற வேண்டும் என்றபோதுதான் சைடு பேனலைக் கழற்றி, இன்ஜினில் இருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். காயிலையும் ரெகுலேட்டரையும் இணைக்கும் மூன்று பின் கப்ளர் (வயர்களை மாட்டிக் கழற்ற உதவும் பிளாஸ்டிக் இணைப்பு) உள்ளுக்குள் கருகிக் கிடந்தது. 100 ரூபாய்ப் பொருள் அது. அதற்குள் செலவான தொகை பல ஆயிரம்.

மல்டிமீட்டரை இதுவரை தொடாதவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேலையை நீங்களே செய்யாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே பார்க்கச் சொல்ல வேண்டும், எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தாலே நிறையச் செலவு மிச்சமாகும்.

1. கப்ளர் ஏன் சூடாகிறது?

இன்ஜின் ஓடும்போது மேக்னெட் சுற்றி, ஸ்டேட்டர் காயிலில் (பட்டறையில் மேக்னெட் காயில் என்பார்கள்) ஏ.சி. மின்சாரம் உண்டாகிறது. அது மூன்று வயர்களில் வெளியே வரும். பெரும்பாலும் மஞ்சள் நிறம். சில வண்டிகளில் வெள்ளை, கருப்பும் உண்டு. ரெகுலேட்டர் அதை டி.சி.யாக மாற்றி, 14 வோல்ட் வாக்கில் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு அனுப்புகிறது.

நம் ஊர் வண்டிகளில் அதிகம் இருப்பது ஷன்ட் வகை ரெகுலேட்டர். தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தை அது நிறுத்தி வைப்பதில்லை. காயில் வயர்களை உள்ளுக்குள் ஷார்ட் செய்து திருப்பி விடுகிறது. ஆகவே பேட்டரி நிரம்பியிருந்தாலும், லைட்டே எரியாவிட்டாலும், மஞ்சள் வயர்களில் ஏறக்குறைய முழு மின்னோட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

கப்ளருக்குள் ஒரு பின் சற்றுத் தளர்ந்தோ, பச்சை பிடித்தோ இருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் 0.05 ஓம் தடை உண்டானால் போதும். 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 11 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதில் பாதி அளவுச் சூடு ஒரு நகக்கண் அளவு பித்தளையில் மணிக்கணக்கில் தங்குகிறது. சூட்டில் பித்தளையின் ஸ்பிரிங் தன்மை போய்விடும். பிடிப்பு தளரும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். பழுப்பேறிய டெர்மினலை (கப்ளருக்குள் இருக்கும் பித்தளை முனையை) தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினால் சில நாள்தான் தாங்கும் என்பதற்குக் காரணம் இதுதான்.

எந்தக் கப்ளர் கருகியிருக்கிறது என்பதும் முக்கியம். மஞ்சள் வயர் கப்ளர் கருகியிருந்தால், "ஃபாக் லேம்ப் போட்டதால்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஷன்ட் ரெகுலேட்டரில் லோடு கூடுவதால் அந்த வயர்களின் மின்னோட்டம் பெரிதாகக் கூடாது. ரெகுலேட்டரில் இருந்து பேட்டரிக்குப் போகும் பிளஸ், மைனஸ் கப்ளர் கருகியிருந்தால் மட்டும் கூடுதல் விளக்குகளைச் சந்தேகப்படுங்கள்.

2. கை வைக்கும் முன் காகிதங்கள்

வண்டி வாரண்டியில் இருந்தால் வயரை வெட்டாதீர்கள். வெட்டிய வயரிங்கைக் காட்டி வாரண்டியை மறுக்க இடம் உண்டு. கப்ளரைக் கழற்றி, இரண்டு பாதியையும் தெளிவாகப் போட்டோ எடுங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது ஜாப் கார்டில் "சார்ஜிங் சரியில்லை" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். "காயில்–ரெகுலேட்டர் கப்ளர் இரண்டு பக்கமும் கருகியுள்ளது" என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். அதே பழுது பிறகு திரும்பினால் அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

பேட்டரி சமீபத்தில் மாற்றியதென்றால் வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் ஏறாமலோ, அளவுக்கு மீறி ஏறியோ பேட்டரி கெட்டிருந்தால், "வண்டி பழுது" என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். முதலில் சார்ஜிங்கைச் சரிசெய்து, வோல்டேஜ் அளவோடு போவது நல்லது.

உதிரிபாகக் கடைக்கு ஆர்.சி. நகலோ பிரேம் எண்ணோ கொண்டுபோங்கள். ஒரே மாடலில் ஆண்டு மாறினால் கப்ளரும் மாறும். பி.எஸ். 4 வண்டியின் ரெகுலேட்டர் பி.எஸ். 6 வண்டிக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணாதீர்கள். பட்டறையில் எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்?

மல்டிமீட்டர் 300 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்து வாங்குங்கள். மிகவும் மலிவான மீட்டர்களில் ஏ.சி. அளவு 200, 750 வோல்ட் என்று இரண்டே நிலைதான் இருக்கும். கப்ளரில் இழக்கப்படும் சின்ன ஏ.சி. வோல்டேஜ் அதில் தெரியாது. 700–1,000 ரூபாய்க்கு, ஏ.சி.யில் 2 அல்லது 6 வோல்ட் நிலையும் உள்ள மீட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று பின் கப்ளர் ஆண், பெண் இரண்டும், டெர்மினல்களோடு சேர்த்து, தரத்தைப் பொறுத்து 60 முதல் 200 ரூபாய் வரை ஆகும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் வண்டிக் கப்ளரும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி வயரைக் கவ்வும் குழாய்), சிலிக்கான் வயர், டெர்மினலை வயரோடு கவ்வச் செய்யும் கிரிம்பிங் கருவியும் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய வண்டி வயரிங்கிலிருந்து வெட்டிய கப்ளர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சார்ஜிங் இணைப்புக்குப் பழைய டெர்மினல் வேண்டாம். அதுவும் எந்தச் சூட்டைக் கண்டதோ.

கிரிம்பிங் கருவி 500 ரூபாய்க்கு மேல் ஆகும். ஒரே ஒரு தடவைதான் தேவை என்றால் வாங்க வேண்டாம், அந்த வேலையை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கூலி 200–500 ரூபாய்க்குள் முடியும். ஒப்பிட்டுப் பார்க்க: சாதாரண 150 சி.சி. வண்டிக்கு ரெகுலேட்டரும் காயிலும் சேர்த்து மாற்றினால் 2,000 ரூபாயைத் தாண்டும். பெரிய வண்டிகளில் அது பல மடங்கு.

நேரம்: சோதனைக்கு ஒரு மணி, பழுதுபார்க்க இரண்டு மணி. இன்ஜின் ஆறும் நேரம் தனி. சரியான கப்ளர் உள்ளூரில் கிடைக்காமல் ஆர்டர் போட்டால் ஒரு வாரம் வரை காத்திருக்க நேரலாம்.

4. முதலில் பேட்டரியில் அளவெடுங்கள்

வண்டி இரவு முழுக்க நின்றபின், சாவி போடாமல், மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2-க்குக் கீழே என்றால் வெளி சார்ஜரில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த சோதனை. செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கை அளந்தால் எல்லா எண்ணும் பொய் சொல்லும்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து, 4,000–5,000 ஆர்.பி.எம். வரை திருகிப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் நலம். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. வண்டியை ஓட்டாதீர்கள், பேட்டரி வீங்கும், பல்புகள் போகும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரியும் என்பதால் லோடோடு சோதிக்கத் தனியாக எதையும் போட வேண்டியதில்லை. பழைய வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை பாருங்கள்.

காலையில் 14 காட்டும் வண்டி, அரை மணி நேரம் ஓடிய பிறகு 12.8-க்கு இறங்குவது கருகிய கப்ளரின் முக்கிய அடையாளம். பட்டறைகளில் குளிர்ந்த இன்ஜினில் ஒரு நிமிடம் அளந்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிடுவார்கள். ஓட்டிப் போய், சூடாக இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள்.

5. கப்ளரைக் கண்ணால் பாருங்கள்

இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். இன்ஜினின் இடதுபுற மேக்னெட் கவரிலிருந்து (சில வண்டிகளில் வலதுபுறம்) மேலே ஏறும் கனமான வயர்க் கட்டைத் தொடர்ந்து போங்கள். சைடு பேனலுக்குள்ளோ, சீட்டுக்கு அடியிலோ, டேங்க்குக்குக் கீழோ ஒரு கப்ளரில் முடியும். பூட்டை அழுத்திக்கொண்டு, கப்ளர் உடலைப் பிடித்து இழுங்கள்; வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே பதில்: நைலான் உருகிப் பிடித்திருக்கிறது.

கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். என் வண்டியில் வெளியே பார்த்தால் கப்ளர் வெள்ளையாகவே இருந்தது; பழுப்பு தெரிந்தது பிரித்தபின் உள்ளே, அதுவும் ஓரத்து பின் ஒன்றைச் சுற்றி மட்டும். அந்தப் பின் நீலம் கலந்த கறுப்பாகி, பக்கத்திலிருந்த இரண்டும் பளபளவென்று இருந்தன. அந்த மஞ்சள் வயரை மட்டும் விரலால் வளைத்தபோது விறைத்து நின்றது, மற்ற இரண்டும் இயல்பாக வளைந்தன. இன்சுலேஷனைக் கீறினால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. வெளித்தோற்றத்தை வைத்து நல்ல கப்ளர் என்று முடிவு செய்யாதீர்கள். பிரித்துப் பார்க்காமல் சொல்லப்படும் எதையும் ஏற்காதீர்கள்.

ரெகுலேட்டரின் டி.சி. கப்ளர், பேட்டரி முனைகள், மெயின் ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றையும் இதே கையோடு பாருங்கள். ஃபியூஸ் காலின் பிடிப்பு தளர்ந்து அங்கே கருகுவதும் சகஜம்.

6. காயிலும் ரெகுலேட்டரும் உயிரோடு இருக்கின்றனவா?

கப்ளர் கருகியதால் காயில் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மீட்டரை ஓம் நிலையில் வைத்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக அளவெடுங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவில், பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணைக் கழிக்க மறக்காதீர்கள். அடுத்து ஒரு முனையை மஞ்சள் வயரிலும் இன்னொன்றை இன்ஜின் உடலிலும் வையுங்கள். எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால் காயில் பாடிக்கு ஷார்ட் ஆகிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கப்ளர் பிரிந்த நிலையிலேயே பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மீட்டர் ஏ.சி. 200 வோல்ட்டில். ஐடிலில் 15–25 வோல்ட் வாக்கிலும், ஆர்.பி.எம். 5,000-ஐ நெருங்கும்போது 50-க்கு மேலும் வருவது வழக்கம். வண்டிக்கு வண்டி மாறும். பார்க்க வேண்டியது மூன்று ஜோடியும் சமமா என்பதைத்தான். இந்தச் சோதனையில் வயர்முனைகளைக் கையால் தொடாதீர்கள், ஒன்றோடொன்று உரசவும் விடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட வேண்டாம், புகை ஆபத்து.

ரெகுலேட்டருக்கு மீட்டரின் டயோடு நிலை. இன்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டரின் டி.சி. கப்ளரையும் பிரித்தபின் அளவெடுங்கள். சிவப்பு முனையை ரெகுலேட்டர் பக்க மஞ்சள் பின்னிலும், கறுப்பு முனையை அதன் பிளஸ் வெளியீட்டிலும் வைத்தால் 0.4–0.6 காட்டும், முனைகளை மாற்றினால் ஓ.எல். (மின்சாரம் பாயவில்லை) என்று வர வேண்டும். மூன்று மஞ்சளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இரு பக்கமும் பூஜ்யம் காட்டும் பின் இருந்தால் ரெகுலேட்டர் போய்விட்டது.

7. எங்கே வோல்டேஜ் தொலைகிறது?

இது யாரும் செய்யாத சோதனை.  கப்ளர்களை மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்து, 3,000 ஆர்.பி.எம். வாக்கில் வையுங்கள். மீட்டர் சின்ன ஏ.சி. நிலையில். ஒரே மஞ்சள் வயருக்குக் கப்ளரின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய குண்டூசி செருகி அளக்கலாம். வயரைக் குத்தாதீர்கள், அந்த ஓட்டை வழியே மழைநீர் இறங்கும். நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடப் பல மடங்கு காட்டினால் அதுதான் கருகும் பின்.

அதேபோல் டி.சி.யில் ரெகுலேட்டரின் பிளஸ் வெளியீட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே, பிறகு ரெகுலேட்டர் எர்த்துக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் இடையே அளவெடுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் ஏதோ ஓர் இணைப்பு மின்சாரத்தைத் தின்கிறது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் கப்ளரின் சூட்டையும் பார்க்கலாம். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, உடல் வெப்ப அளவோடு அது நின்றுவிடும்.

8. பழுதுபார்த்தல்

முதல் விதி: இரண்டு பாதியையும் மாற்றுங்கள். புது ரெகுலேட்டரோடு புதுக் கப்ளர் வரும், அதை வண்டிப் பக்கத்தின் கருகிய பாதியில் அப்படியே மாட்டிவிடுவார்கள். கருகிய டெர்மினல் புதியதையும் சூடாக்கிவிடும், சில மாதத்தில் புது ரெகுலேட்டர் மீது பழி விழும். அதிகம் பேர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வயரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் கிரிம்ப் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. வயர் நீளம் போதாமல் போனால் 2.5 சதுர மி.மீ. வண்டி வயரோ சிலிக்கான் வயரோ சேர்த்து நீட்டுங்கள். வீட்டு வயரிங்குக்கு வரும் சாதாரண பி.வி.சி. வயர் வேண்டாம். அதன் இன்சுலேஷன் பொதுவாக 70 டிகிரிக்குத்தான், இன்ஜின் பக்கத்தில் தாங்காது.

டெர்மினல் 6.3 மி.மீ. அகலமுள்ளதாக, வயர் கனத்துக்குப் பொருத்தமானதாக இருக்கட்டும். டெர்மினலின் முன்சிறகு செம்பையும் பின்சிறகு இன்சுலேஷனையும் கவ்வ வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. முடித்தபின் ஒவ்வொரு வயரையும் பலமாக இழுத்துப் பாருங்கள். பெண் டெர்மினலில் ஆண் டெர்மினலைத் தனியாகச் செருகி எடுத்தால் நல்ல இறுக்கம் தெரிய வேண்டும்; லேசாக வழுக்கினால் அந்த டெர்மினலைத் தூக்கிப் போடுங்கள்.

கப்ளரையே எடுத்துவிட்டு மூன்று வயரையும் நேரடியாகப் பற்றவைக்கலாமா? செய்யலாம், பலர் செய்கிறார்கள். மூன்று மஞ்சளில் எது எதோடு சேர்ந்தாலும் சார்ஜிங்குக்கு வித்தியாசமில்லை. ஆனால் சாதாரண ஈயம் 183 டிகிரியிலேயே இளகும், பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் வயர் விறைத்து அதிர்வில் முறியும். வயரை முறுக்கி இறுக்கியபின் பற்றவைத்து, பசையுள்ள ஸ்லீவ் போட்டு, அசையாதபடி சட்டத்தோடு கட்டுங்கள். அடுத்த முறை காயில் கழற்ற வயரை வெட்ட வேண்டியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். என் விருப்பம் நல்ல கப்ளர்தான்.

பிளஸ், மைனஸ் வயர்களில் மட்டும் நிறத்தை இருமுறை சரிபாருங்கள். மாறினால் ரெகுலேட்டர் அந்த நொடியே போகும்.

கப்ளரைக் கறுப்பு டேப்பால் உருண்டையாகச் சுற்றாதீர்கள். சூடும் உள்ளே நிற்கும், தண்ணீரும் உள்ளே நிற்கும். டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத, ஈரம் தடுக்கும் கிரீஸ்) கொஞ்சம் தடவி, வயர் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, சைலன்சரிலிருந்து விலக்கிக் கட்டினால் போதும். ரெகுலேட்டரின் துடுப்புகளில் சேறு இருந்தால் துடைத்துவிடுங்கள். காற்றுப் படாத இடத்துக்கு அதை மாற்ற வேண்டாம்.

9. முடித்த பிறகு

பேட்டரியில் பிளஸ்ஸை முதலில், மைனஸ்ஸைக் கடைசியில் மாட்டுங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து நான்காம், ஏழாம் சோதனைகளைத் திரும்பச் செய்து, எண்களைத் தேதியோடு எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துக் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் மழை தொடங்கும் முன் பார்த்தால் போதும். வாட்டர் சர்வீசுக்கு விடும்போது சைடு பேனலுக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் புதிதாகப் போட்டும் மறுபடி சூடாகிறதா? மூன்று பின்னும் சமமாகச் சூடானால் டெர்மினல் அளவு போதவில்லை, பெரியதாக மாற்ற வேண்டும். பெரிய வண்டிகளில் இந்தத் தொல்லை நிற்கவில்லை என்றால் சீரீஸ் வகை ரெகுலேட்டர் ஒரு வழி. அது மிச்ச மின்சாரத்தை ஷார்ட் செய்யாமல் துண்டித்துவிடும், காயிலும் கப்ளரும் குளிர்ச்சியாக இருக்கும். ஷிண்டென்கென் எஸ்.எச்.775 இவ்வகையில் பெயர் பெற்றது. போலிகளும் உண்டு, பில்லோடு வாங்குங்கள். ஒரே ஒரு பின் மட்டும் திரும்பச் சூடானால் கிரிம்ப்பை மறுபடி செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காயிலில் ஒரு சுற்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகத் தொடங்கியிருக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஆறாம் சோதனையைச் செய்து, அந்த மூன்று அளவுகளையும் எழுதிய தாளோடு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.